முல்லைக்கு எந்த நிலை

சாரல் மாதத்தில் தென்காசிப் பக்கம் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் வடிவாம்பாள் டீச்சர் அன்று தன் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் காய்ந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஞானிகள் எந்நேரமும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். டீச்சரைப் பார்க்கப் போனால் அவர் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு வேலையில்தான் இருப்பார்.

சுடர்க்கொடி குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

கல்லூரியில் டீச்சரிடம் தமிழ் எம்.ஏ. படித்தவள் அவள். படித்து முடித்துச் சென்னைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று, மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கணவர் நயினாருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை கிடைத்ததும் எல்லோருமாக ஊருக்குத் திரும்பி வந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். சொந்தக்காரர்கள் இதைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிப் பார்த்தார்கள். அவள் அசரவில்லை. கணக்குக்கு அசரவில்லை, அறிவியலுக்கு அசரவில்லை. கடைசியில் தமிழ் இலக்கணத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுக் கிளம்பிருவேன்."

"ஒரே கேள்வின்னு வந்தவுக யாரும் இந்த வீட்டுல சாப்பிடாமப் போனதில்ல. உக்காரு."

சுடர்க்கொடி ஒரு நாற்காலியை இழுத்து டீச்சருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். டீச்சர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எழுதுன இலக்கணப் புத்தகந்தான் டீச்சர். ஆறு நிலை போட்டிருக்கியல்லா. எந்தப் பிள்ளைக்கு எந்த நிலை வாங்கணும்னு தெரியல."

"பிள்ளைகளுக்கு என்ன வயசு இப்ப?"

"முல்லைக்குப் பன்னெண்டு. கதிருக்கு ஒம்போது. மகிழுக்கு ஆறு. வயசுப்படி பாத்தா முல்லைக்கு நாலாம் நிலை, கதிருக்கு மூணு, சின்னவளுக்கு ஒண்ணு."

"அப்படியே வாங்கிரு."

"வாங்க முடியாது டீச்சர். புத்தகத்தோட ஒரு தேர்வு குடுத்திருக்கியல்லா, யாருக்கு எந்த நிலைன்னு கண்டுபிடிக்க. அதை வச்சுப் பாத்தேன்."

"வச்சியா?"

"வச்சேன். கதிருக்கு நாலு வந்திருக்கு. முல்லைக்கு ரெண்டு."

டீச்சர் குனிந்து ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"மகிழுக்கு?"

"அவ தாள்ல யானை வரைஞ்சு குடுத்துட்டா."

"நல்லா இருந்துதா யானை?"

"டீச்சர்!"

"சரி சரி. சொல்லு."

சுடர்க்கொடி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தலை சுற்றியது. தேர்வு சொன்னபடி வாங்கினால் அக்கா கையில் ரெண்டாம் புத்தகம், தம்பி கையில் நாலாம் புத்தகம். வயசுப்படி வாங்கினால் முல்லைக்குப் பாடம் புரியாது, கதிருக்குத் தூக்கம் வரும். பெரியவர்கள் இருவருக்கும் ஒரே நிலை வாங்கினால் கதிர் முதலில் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நயினாரைக் கேட்டால் அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "கூட்டி ரெண்டால வகு, மூணு வரும், மூணை வாங்கு" என்கிறார். வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே கேட்டதுதான் அவள் செய்த பெரிய தப்பு. எல்லோரையும் ஒன்றாம் நிலையிலிருந்து தொடங்கு என்றாள் ஒருத்தி. பதினைந்து வயது வரை இலக்கணத்தைத் தொடாதே, பிள்ளை மனம் கெட்டுவிடும் என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஒருத்தி தன் மகன் ஆறாம் நிலையை முடித்துவிட்டதாக, யாரும் கேட்காமலே, படத்தோடு போட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் டீச்சர். "முல்லை என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்லுவா..." என்று தொடங்கிய சுடர்க்கொடி நிறுத்தினாள். "அவ வந்து டீச்சர்..." மறுபடி நிறுத்தினாள்.

டீச்சர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

இது டீச்சரின் பழைய பழக்கம். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற பலகை அது, ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கல்லூரிக் காலத்திலும் இப்படித்தான். வகுப்பில் யாராவது எழுந்து பதில் சொல்லத் திணறினால் போதும், டீச்சருக்குக் கரும்பலகை ஞாபகம் வந்துவிடும். திரும்பி நின்றுகொண்டு மூலை முடுக்கெல்லாம் துடைப்பார். டீச்சருக்குச் சுத்தப் பைத்தியம் என்று பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சுடர்க்கொடியும் சிரித்திருக்கிறாள்.

இப்போது டீச்சரின் முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் மெல்லச் சொல்லி முடித்தாள்.

"முன்னெல்லாம் ராத்திரி தங்கச்சிக்கு அவதான் கதை சொல்லித் தூங்கவைப்பா டீச்சர். அவளாக் கட்டிச் சொல்லுத கதை. ஒரு தவளை கெணத்துக்குள்ள ஓட்டல் வச்சிருக்கும். நாங்களும் பக்கத்து ரூம்ல இருந்து காது குடுத்துக் கேப்போம். தேர்வு வச்சதுக்கப்பறம் சொல்ல மாட்டேங்கா. மகிழ் போய்க் கேட்டா, 'கதிர்ட்ட கேளு, அவன் நாலாம் நிலை'ங்கா. எழுதவும் மாட்டேங்கா. நேத்து வந்து, என்னை ஸ்கூல்ல சேத்துவிடுன்னு நிக்கா."

"ஸ்கூல் வேண்டாம்னு இருந்தவதான அவ?"

"அவதான். ஏண்டி இப்படின்னு கேட்டேன். ஸ்கூல்ல கதிர் என் கிளாஸ்ல இருக்க மாட்டான்லா, அப்படிங்கா."

இதைச் சொன்னதும் சுடர்க்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊர் வாயெல்லாம் தாங்கினவளுக்கு மகளுடைய இந்த ஒரு வரியைத் தாங்க முடியவில்லை. முல்லை கேட்டது நியாயமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் வலித்தது.

டீச்சர் பலகையைத் துடைத்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்கதான டீச்சர் ஆறாப் பிரிச்சிய? உங்களுக்குத் தெரியும்லா? நாலுக்கும் ரெண்டுக்கும் நடுவுல அப்படி என்ன இருக்கு?"

"நான் பிரிக்கல."

"அப்ப?"

"நான் ஒரே புத்தகமாத்தான் எழுதுனேன். அச்சுக்காரர் தூக்கிப் பாத்தாரு. இவ்வளவு தடிச்சா பைண்டிங் நிக்காதும்மா, ரெண்டு மாசத்துல முதுகு விட்டுரும், ஆறாப் போட்டாத்தான் தாங்கும்னாரு. சரின்னேன்."

சுடர்க்கொடி அவரையே பார்த்தாள்.

"அந்தத் தேர்வு?"

"ஆறு புத்தகம் ஆனா, எதை வாங்கணும்னு சனங்க கேப்பாங்களே, ஒரு தேர்வும் எழுதிக் குடுங்கன்னாரு. ஒரு மத்தியானம் உக்காந்து எழுதிக் குடுத்தேன்."

சுடர்க்கொடிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஒரு பைண்டிங் பசைக்காகவா என் பிள்ளை கதை சொல்வதை நிறுத்தினாள் என்று கேட்க நினைத்தாள். டீச்சரிடம் அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

"அப்ப அது தப்பான தேர்வா டீச்சர்?"

"தப்பில்ல. நல்ல தேர்வுதான். நீ எப்படி வச்ச?"

இதற்குப் பதில் சொல்ல சுடர்க்கொடிக்குத் தயக்கமே இல்லை. ஒழுங்காகச் செய்கிறவள் அவள். "முறையா வச்சேன் டீச்சர். வீடுதானன்னு விளையாட்டா எடுத்துரக் கூடாதுல்லா. சாப்பாட்டு மேஜையைச் சுத்தமா ஒழிச்சேன். மணி அடிக்கிற கடிகாரம் ஒண்ணு இருக்கு, அதைப் பிள்ளைக்குத் தெரியுத மாதிரி முன்னால வச்சேன். நான் எதிர்ல உக்காந்தேன், சிவப்புப் பேனாவோட. அப்பப்பவே திருத்திட்டா நேரம் மிச்சம் பாருங்க. மத்த ரெண்டையும் பக்கத்துலயே வச்சுக்கிட்டேன், தனியா விட்டா சண்டை போடும்."

"சரி" என்றார் டீச்சர். "அந்தத் தேர்வை நீ எழுது."

"நானா?"

"நீதான். பிள்ளைக உனக்கு வைக்கட்டும். நீ அவங்களுக்கு எப்படி வச்சியோ அப்படியே. கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்."

"டீச்சர், நான் உங்கட்ட எம்.ஏ. படிச்சவ."

"அப்ப சீக்கிரம் முடிஞ்சுரும். எழுதிட்டு வா. இப்ப வா, ரசம் ஆறிரும்."

சாப்பிட்டுவிட்டு மழையில் நடந்து போகும்போது சுடர்க்கொடிக்குக் குழப்பம் கொஞ்சமும் தீரவில்லை. கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது ஒரு பரீட்சை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையை ஒழித்தார்கள். கதிருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினான். மகிழ் இரண்டு கையாலும் கடிகாரத்தைத் தூக்கிவந்து அம்மாவின் மூக்குக்கு நேராக வைத்தாள். மேஜை சுவரை ஒட்டிக் கிடந்தது, அதனால் கடிகாரத்தின் டிக் டிக் சுவரில் பட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. முல்லை விளையாட்டில் சேரவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"ஆரம்பி" என்றான் கதிர்.

முதல் சில கேள்விகளை சுடர்க்கொடி சிரித்துக்கொண்டே எழுதினாள். கதிர் ஒவ்வொன்றுக்கும் எட்டிப் பார்த்து டிக் போட்டான். அடுத்த கேள்வியில் அவசரத்தில் ஒரு விடையை மாற்றி எழுதிவிட்டாள். அது முடிவதற்குள் சிவப்புக் கோடு வந்து விழுந்தது.

"இருடா, நான் இன்னும் முடிக்கல."

"நேரம் போகுதும்மா. அடுத்தது."

"நேரம் போகுது" என்றாள் மகிழும்.

அடுத்ததில், 'மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை விட்டனர்' என்று ஒரு வாக்கியம் கொடுத்து, எழுவாய் எது என்று கேட்டிருந்தது. சுடர்க்கொடி இதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இப்போது பார்த்தால் மழை வந்து நின்றது, பள்ளி வந்து நின்றது, விடுமுறை வந்து நின்றது, எல்லாமே எழுவாய் போலத் தெரிந்தன. பேனாவைத் தாளில் வைத்தாள், எடுத்தாள். எதிரே சிவப்பு முனை காத்துக்கொண்டிருந்தது.

"யோசி, யோசி" என்றான் கதிர், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

"யோசிக்கேன்டா."

"என்னத்தை யோசிக்க? இது மகிழுக்கே தெரியுமே!"

"ஆமா, எனக்குத் தெரியும்" என்றாள் மகிழ். அவளுக்கு எழுவாயும் தெரியாது, பயனிலையும் தெரியாது.

சுடர்க்கொடிக்குக் காது சுட்டது. "இப்படியெல்லாம் பேசக் கூடாது கதிர்."

"நீ அக்காட்ட இப்படித்தான சொன்ன? இது கதிருக்கே தெரியுமேன்னு. நான் கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல."

இந்த விதியை வீட்டில் வந்து சொன்னதே அவள்தான். அதனால் பேச வழியில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஒன்பது வயதுப் பையன் முன்னால் வெட்கப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். அடுத்த கேள்வியைப் பார்த்தாள், அதுவும் புரியவில்லை. அதற்கடுத்ததும் புரியவில்லை. உள் அறையிலிருந்து நயினார், "என்ன, உங்கம்மாவுக்கு எத்தனையாம் நிலை?" என்று குரல் கொடுத்தார். அவருக்கு அப்புறமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது முல்லை வாசலிலிருந்து நகர்ந்து வந்தாள்.

கடிகாரத்தைப் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மகிழ், "எக்கா, நான்தான் அதுக்கு" என்று சிணுங்கினாள். முல்லை கதிரின் கையிலிருந்து சிவப்புப் பேனாவை வாங்கி மூடியைப் போட்டு மேஜையில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து, எதிரே போடாமல், அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் தாளையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவிழ்ந்திருந்த தன் சடையை மெதுவாகப் பின்ன ஆரம்பித்தாள்.

சடை பாதி பின்னி முடிவதற்குள் சுடர்க்கொடிக்கு விடை வந்துவிட்டது. விடுமுறை விட்டவர்கள் 'அவர்கள்'. அந்தச் சொல் வாக்கியத்தில் வெளியே தெரியாது, அவ்வளவுதான். இதற்கா இந்தப் பாடு என்று எழுதினாள். அடுத்ததும் வந்தது. மீதிக் கேள்விகளை எழுதி முடிக்கும்வரை முல்லை சடையைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கதிர் மதிப்பெண்ணைக் கூட்டினான். முன்னால் போட்ட சிவப்புக் கோடுகளையும் விட்டுப்போன கேள்விகளையும் அவன் மன்னிக்கவில்லை.

"அம்மா மூணாம் நிலை!" என்று அறிவித்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அக்காவை விட ஒண்ணு கூட" என்றான். அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குச் சொன்னான்.

முல்லை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரியும் மகிழ் கதை கேட்டாள். அன்று ராத்திரியும் அக்கா சொல்லவில்லை. பக்கத்து அறையில் படுத்திருந்த சுடர்க்கொடி காது கொடுத்துக் கேட்டாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

அடுத்த முறை போனபோதும் டீச்சர் புத்தகம் காயவைத்துக்கொண்டுதான் இருந்தார். சாரல் விடவில்லை.

சுடர்க்கொடி உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்தாள். "எனக்கு மூணு போட்டுட்டான் டீச்சர்."

"மூணா? பரவாயில்லையே."

"சிரிக்காதிய டீச்சர். பாதி தப்பு அவன் சரியாத் திருத்தாததால. அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது, அவன் என்னைத் திருத்துதான்."

"எங்க மாட்டுன?"

"எழுவாய்ல."

"தெரியாதா உனக்கு?"

"தெரியும் டீச்சர்! நல்லாத் தெரியும். எதிர்ல ஒருத்தன் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். மூஞ்சிக்கு நேரா கடிகாரம் டிக் டிக்குங்கு. சின்னது வேற எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்னு குதிக்கு. எப்படி வரும்? தெரிஞ்சது கூட வரல."

"ம். அப்பறம் எப்படி எழுதி முடிச்ச?"

"அப்பறம் முல்லை வந்தா. கடிகாரத்தைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சா. அவன்ட்ட இருந்து பேனாவை வாங்கி மூடி வச்சா. வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. அவ பாட்டுக்குச் சடை பின்னிட்டு இருந்தா. நான் எழுதி முடிச்சுட்டேன்."

பக்கத்தைப் புரட்டப் போன டீச்சரின் கை அப்படியே நின்றது.

"எதுக்குத் திருப்பி வச்சாளாம்?"

"கேக்கல. கடிகாரக் கண்ணாடில வெயில் பட்டுக் கண் கூசியிருக்கும்."

தென்காசியில் வெயில் அடித்துப் பல நாளாகியிருந்தது. டீச்சர் அதைச் சொல்லவில்லை.

"அதை விடுங்க டீச்சர்" என்றாள் சுடர்க்கொடி. "எனக்கு இப்ப முன்னைக்கும் மேல குழப்பமா இருக்கு. எம்.ஏ. படிச்ச நான் மூணு, ஒம்போது வயசுப் பையன் நாலு, பெரியவ ரெண்டு. இதை வச்சு நான் யாருக்கு என்ன வாங்க? அவரு நாளைக்குப் போய் முல்லைக்கு ஸ்கூல்ல இடம் கேட்டுட்டு வந்துருதேன்னு சொல்லுதாரு. சேத்தா இப்பவே சேக்கணும், இடம் முடிஞ்சுரும்ங்காரு. அவளும் சரின்னு தலையாட்டுதா. எனக்கு அனுப்ப மனசே இல்ல டீச்சர். அவளை அனுப்பிட்டு அந்த மேஜைல நான் மத்த ரெண்டுக்கு எப்படிச் சொல்லிக்குடுப்பேன்? தோத்துப்போனவளை வெளியே அனுப்புன மாதிரில்லா இருக்கும்."

"ம்."

"அதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் முல்லைக்கு மறுபடியும் அந்தத் தேர்வை வைக்கப்போறேன். கடைசித் தடவை. நாலு வந்துட்டா நாலாம் புத்தகம் வாங்கிக் குடுத்து வீட்டுலயே வச்சுக்கிடுதேன். ரெண்டுலயே நின்னா அவ இஷ்டப்படி ஸ்கூல். இனிமே குழப்பம் கிடையாது. காலைலயே மேஜையை ஒழிச்சு எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டுத்தான் வந்தேன்."

"அவட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சரின்னா."

வெளியே சாரல் கொஞ்சம் கனத்துப் பெய்தது. சுடர்க்கொடி குடை இருக்கிற பக்கம் பார்த்தாள். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. டீச்சர் வாயால் ஒரு எண் கேட்டுக்கொண்டு போனால் போதும் என்று இருந்தது. ரெண்டோ நாலோ, ஏதோ ஒன்று.

"நீங்களாவது சொல்லுங்க டீச்சர். உங்க புத்தகம். முல்லைக்கு எந்த நிலை?"

டீச்சர் விரித்திருந்த புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"கடிகாரம் இப்ப எங்க இருக்கு?"

"மேஜைலதான் டீச்சர்."

"யாரைப் பாத்து இருக்கு?"

சுடர்க்கொடி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காலையில் மேஜையை ஒழித்தபோது கடிகாரம் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. அவள் தேர்வு எழுதிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அவள்தான் தூசியைத் துடைத்து, சாவி கொடுத்து, முல்லை உட்காரும் நாற்காலிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

சிவப்புப் பேனாவையும் எதிரே எடுத்து வைத்திருந்தாள்.

டீச்சர் எழுந்து போய், டஸ்டரை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.